நாய்த்தீனி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் நாய் வளர்ப்பவர்களில் பாதிப்பேர் லூஸ் தீனிதான் வாங்குகிறார்கள். கடைக்காரர் மூட்டையிலிருந்து டப்பாவால் அள்ளி, எடைபோட்டு கவரில் கட்டித் தருவார். நானும் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் மணி பாதத்தை நக்கி நக்கி விரலிடுக்கெல்லாம் சிவந்துபோய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனபோது, "தீனியில் என்னென்ன இருக்கு?" என்று அவர் கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒரு பாக்கெட்கூட இல்லை.

அதனால் முதலில், லூஸ் வேண்டவே வேண்டாம். அதில் என்ன சேர்த்தார்கள், எப்போது தயாரித்தார்கள் என்று எதுவும் தெரியாது. திறந்தே கிடக்கும் மூட்டையில் கொழுப்பு கெட்டுப்போய்விடும். ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள், பழைய எண்ணெயின் சிக்கு வாடை அடித்தால் அதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

சரி, பாக்கெட் வாங்குகிறீர்கள். முன்பக்கத்துக் கோழிப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். எடை அதிகமானது முதலில் வரும்படிதான் பொதுவாகப் பட்டியல் போடுவார்கள். முதலில் மக்காச்சோளம், அப்புறம் மக்காச்சோள மாவு, அப்புறம் கார்ன் குளூட்டன் (அதே சோளத்தின் புரதம்) என்று ஒரே பொருள் மூன்று பெயரில் வந்தால், கூட்டிப் பார்த்தால் அது சோளத் தீனிதான். 'சிக்கன் மீல்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது நீர் வற்றிய கோழி இறைச்சிப் பொடி. வெறும் 'மீட் மீல்', 'அனிமல் ஃபேட்' என்று இருந்தால் எந்த மிருகம் என்றே தெரியாது, அதை நான் எடுப்பதில்லை.

கெடாமல் இருக்கச் சேர்ப்பவற்றில் பி.ஹெச்.ஏ., பி.ஹெச்.டி., எத்தாக்சிக்வின் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். பி.ஹெச்.ஏ.வை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அமெரிக்க அரசின் பட்டியலில் 1991 முதல் வைத்திருக்கிறார்கள். எத்தாக்சிக்வின் பெரும்பாலும் மீன் தூள் வழியாக வரும். காசிமேட்டில் மீன் காய்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு மீன் என்றாலே நம்பிக்கை வரும், ஆனால் மீன் தூளில் உள்ள எண்ணெய் காற்றுப்பட்டால் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் கப்பலில் அனுப்பும்போதே எத்தாக்சிக்வினைக் கலப்பது வழக்கம். வைட்டமின் ஈ வகையான டோக்கோபெரால் போட்ட தீனி தேவலை.

சிவப்பு, பச்சை உருண்டைகள் நம் கண்ணுக்காகத்தான், நாய்க்கு அந்த இரண்டு நிறத்துக்கும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. மெத்தென்ற ட்ரீட்டுகளில் சர்க்கரைப் பாகும், ஈரப்பதம் காயாமல் இருக்கச் சேர்க்கும் ப்ரொபிலீன் கிளைகாலும் இருக்கிறதா பாருங்கள். இந்தக் கிளைகாலைப் பூனைத் தீனியில் சேர்க்கக்கூடாது என்று அமெரிக்காவில் 1996இலேயே தடை போட்டார்கள். நாய்க்கு அனுமதி உண்டு, ஆனாலும் நான் வாங்கமாட்டேன்.

உயிருக்கே ஆபத்தானவை வேறு. சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பான சைலிட்டால் கொஞ்சம் போனாலே ரத்தத்தில் சர்க்கரை அளவு சரிந்து நாய் விழுந்துவிடும். சர்க்கரையில்லாத பீனட் பட்டரிலும் சூயிங்கத்திலும் இருக்கலாம். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய பிரியாணியையும், பொரித்த வெங்காயம் தூவிய அத்தோவையும் (பர்மா நூடுல்ஸ்) தட்டோடு நாய்க்கு வைக்கிற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. தயவுசெய்து வைக்காதீர்கள். சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் காபி நிறத்தில் போனால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். உலர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தீனி மாற்றும்போது பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஏழு நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வயிற்றால் போகும். டப்பாவில் கொட்டி வைத்தாலும், லேபிள் இருக்கிற பக்கத்தை வெட்டி, தீனி தீரும்வரை டப்பாவுக்குள்ளேயே போட்டு வையுங்கள். டாக்டர் கேட்டால் எடுத்து நீட்டலாம்.