தேக்கு வளர்ப்பு: விதை முதல் விற்பனை வரை

தேக்கில் காசு மரத்தின் எண்ணிக்கையில் இல்லை, சுற்றளவில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் வேலைகளுக்கெல்லாம் காரணம் புரியும்.

1. நிலம்

தண்ணீர் தேங்கும் இடத்தில் தேக்கு தேறாது. மண் ஆழமாக, நல்ல வடிகாலோடு இருக்க வேண்டும். தஞ்சைப் பக்கம் வாய்க்கால் கரைகளில் வனத்துறை வளர்த்த தேக்குகளைப் பாருங்கள்: வண்டல் மண், பக்கத்திலேயே ஈரம், ஆனால் வேர் மேட்டில். தனியாக நிலம் ஒதுக்க முடியாதவர்களுக்கு வரப்போரமே போதும்.

2. விதை

நேராக, வெகு உயரம் வரை கிளையில்லாமல் போன முதிர்ந்த மரத்தடியில் ஜனவரி முதல் மார்ச் வரை காய் பொறுக்கலாம். சின்ன வயதிலேயே பூத்த மரம் வேண்டாம். தேக்கு நுனியில்தான் பூக்கும். பூத்ததும் தண்டு கவையாகப் பிரிந்துவிடும். அந்தக் குணம் கன்றுக்கும் இறங்கலாம்.

காயின் ஓடு கல் மாதிரி இருக்கும். உடைத்தால் உள்ளே நான்கு அறைகள், அதிலும் பல காலி. அதனால் சாக்கில் கட்டி இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, பகலில் வெயிலில் காயவிடுங்கள். ஒரு வாரம், பத்து நாள் இப்படிச் செய்த பிறகு மேட்டுப்பாத்தியில் விதைக்கலாம். எல்லாம் ஒரே சமயத்தில் முளைக்காது, பொறுத்திருங்கள்.

3. நாற்றுக்குச்சி, நடவு

ஓராண்டு நாற்றில் கட்டைவிரல் பருமன் உள்ளதை மட்டும் எடுத்து, வேரில் ஒரு சாணும் தண்டில் ஓர் அங்குலமும் விட்டு, மீதியையும் சல்லிவேர்களையும் கழித்துவிடுங்கள். இதுதான் நாற்றுக்குச்சி. மழை பிடித்ததும் கடப்பாரையால் குழி போட்டு இறக்கி, சுற்றிலும் மண்ணை இறுக்கி மிதியுங்கள். உள்ளே காற்று நின்றால் குச்சி பட்டுப்போகும். பல தளிர் வந்தால் திடமான ஒன்றை மட்டும் விடுங்கள். 2 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1,000 குச்சி பிடிக்கும். முதல் இரண்டு வருடம் இடையில் உளுந்து, கடலை போடலாம்.

4. மரம் கலைத்தல்

இங்கேதான் பலருக்கும் மனசு வராது. 5ஆம் ஆண்டு வாக்கில் ஒருமுறை, 10ஆம் ஆண்டு வாக்கில் மறுமுறை நெருக்கமான மரங்களை எடுத்தே ஆக வேண்டும்; அப்போதுதான் மிச்ச மரங்கள் பருக்கும். வியாபாரி போடும் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். சுற்றளவை அங்குலத்தில் அளந்து நான்கால் வகுத்து, வந்த எண்ணை அதாலேயே பெருக்குங்கள். அதை அடிக்கணக்கு நீளத்தால் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. 18 அங்குலச் சுற்றளவுள்ள 10 அடி மரம் 1.4 கன அடி. அதே நீளத்தில் 36 அங்குல மரம் 5.6 கன அடி. சுற்றளவு இரட்டித்தால் மரம் நான்கு மடங்கு! பருத்த மரத்தில் வைரமும் (நடுவில் இருக்கும் கெட்டியான கட்டை) அதிகம், அதனால் கன அடி விலையும் ஏறும்.

பக்கக்கிளைகளைச் சின்னதிலேயே தண்டை ஒட்டிக் கழித்துவிடுங்கள்; முடிச்சு விழுந்த பலகைக்கு விலை குறையும்.

5. விற்பனை

பாசனத்தோடு வளர்த்தாலும் 20, 25 வருடக் கணக்கு இது. 1990களில் குறுகிய காலத்தில் லட்சங்கள் தருவதாகச் சொல்லித் தேக்குத் திட்டங்களுக்குப் பணம் திரட்டினார்கள். இப்படிக் கூட்டாகத் திரட்டும் திட்டங்களுக்கு 1999இல் செபி (பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் வாரியம்) விதிமுறை கொண்டுவந்தது. அந்த மாதிரி வாக்குறுதி இன்று வந்தாலும் நம்பாதீர்கள்.

நட்டதுமே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் (நிலத்தில் என்ன பயிர் இருக்கிறது என்று எழுதும் கிராமக் கணக்கு) மரங்களைப் பதியுங்கள். வெட்டவும் லாரியில் ஏற்றவும் என்ன அனுமதி வேண்டும் என்று வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். தோப்பு மொத்தத்துக்கும் ஒரே விலை பேசாமல், நாமே அளந்து எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று வியாபாரிகளிடம் கன அடிக்கு விலை கேளுங்கள்.