புதுப் படகுக்காரர்களுக்கு: அவுட்போர்டு மோட்டாரை டேங்க் மூடியிலிருந்து பழகுவோம்

படகு வாங்கி மூன்றாவது முறை நீரில் இறக்கிய அன்று, கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் மோட்டார் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் பிடிக்கும், ஐந்து நிமிடம் ஓடும், இழுத்து இழுத்து மறுபடி நிற்கும். பிளக்கை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். இரண்டு வாரம் போனது. கடைசியில் கோளாறு மோட்டாரிலேயே இல்லை, டேங்க் மூடியில் இருந்த ஒரு சின்னத் திருகில் இருந்தது.

கயிறு இழுத்துக் கிளப்பும், தனி டேங்க் உள்ள சிறிய அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும்) மோட்டார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. மாட்டுவது

பின்பலகையில் மோட்டாரை நடுவில் வைத்து, இரண்டு கிளாம்ப் திருகுகளையும் கையால் நன்றாக இறுக்குங்கள். அரை மணி நேரம் ஓட்டியபின் மறுபடி இறுக்குங்கள், அதிர்வில் கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். மோட்டாரைப் படகோடு சேர்த்து ஒரு சங்கிலியும் போட்டுவிடுங்கள். ப்ரொப்பெல்லருக்கு மேலே உள்ள அகலத் தட்டு படகின் அடிமட்டத்துக்குச் சமமாக, அல்லது ஓர் அங்குலம் கீழே இருக்க வேண்டும். ரொம்ப மேலே இருந்தால் ப்ரொப்பெல்லர் காற்றை இழுத்து வீணாகச் சுற்றும். சிறிய மோட்டார்களில் 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு தண்டு (மோட்டாரிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் கால்) நீளங்கள் சாதாரணமாக வரும். வாங்கும் முன்பே பின்பலகையின் உயரத்தை அளந்துவிடுங்கள்.

2. பெட்ரோல்

டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். பல மோட்டார்களுக்கு 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. பழைய மாடல்கள் கூடுதலாகக் கேட்கும், கையேட்டைப் பார்த்துவிடுங்கள். கண் அளவு வேண்டவே வேண்டாம், கோடு போட்ட அளவுக் குப்பி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலப்பே கிடையாது, எஞ்சின் ஆயில் தனியாக இருக்கும்.

இப்போது அந்தத் திருகு. டேங்க் மூடியின் மேல் சின்னதாக ஒரு காற்றுத் திருகு உண்டு. மோட்டார் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். திருகு மூடியிருந்தால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வருவது குறைந்து நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் சிறிது காற்று எப்படியோ கசிந்து போகும், மோட்டாரும் பிடிக்கும். அதனால்தான் ஐந்து நிமிடம் ஓடி ஓடி நின்றது. நான் கண்டுபிடித்த அன்று பிளாஸ்டிக் டேங்கின் இரண்டு பக்கமும் உள்ளே குழிந்திருந்தன. திருகை அரைச் சுற்றுத் திறந்ததும் ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போக, டேங்க் ‘டக்’கென்று பழைய வடிவத்துக்கு வந்தது.

திருகைத் திறந்தபின், டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பைக் கெட்டியாகும்வரை அமுக்குங்கள். பல்பின் மேலுள்ள அம்புக்குறி மோட்டாரைப் பார்த்து இருக்க வேண்டும்.

3. கிளப்புவது

முதலில் கில் சுவிட்ச் கயிறு. கிளிப்பை மோட்டாரிலும் மறுமுனையை உங்கள் லைஃப் ஜாக்கெட்டிலும் மாட்டுங்கள். நீங்கள் தண்ணீரில் விழுந்தால் மோட்டாரை நிறுத்துவது அது ஒன்றுதான். கிளிப் இல்லாமல் மோட்டார் கிளம்பாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கியர் நியூட்ரலில் இருக்கட்டும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக்கை (காற்றைக் குறைக்கும் குமிழ்) இழுங்கள். கயிற்றை மெதுவாக இழுத்து, கை தடைபடும் இடம் வந்ததும் அங்கிருந்து ஒரே வீச்சில் இழுங்கள். பிடித்ததும் சோக்கை உள்ளே தள்ளுங்கள். பத்து முறை இழுத்தும் பிடிக்காமல் பெட்ரோல் வாடை அடித்தால், உள்ளே பெட்ரோல் அதிகமாகிவிட்டது. சோக்கைத் தள்ளிவிட்டு, த்ராட்டிலை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) கூட்டி, ஐந்தாறு முறை இழுங்கள். பிடித்த நொடியே த்ராட்டிலைக் குறைத்துவிடுங்கள்.

4. தண்ணீர் பீச்சுகிறதா?

கிளம்பியதும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மோட்டாரின் பின்பக்கம் ஒரு சிறு துளையிலிருந்து தண்ணீர் பீச்ச வேண்டும். குளிர்விக்கும் தண்ணீர் மேலே ஏறுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வரவில்லையா, உடனே நிறுத்துங்கள். தடித்த தூண்டில் நரம்புத் துண்டைத் துளைக்குள் விட்டு அடைப்பை எடுத்துப் பாருங்கள். கம்பி விடாதீர்கள். அப்படியும் வராவிட்டால் கீழே இருந்து தண்ணீரை மேலே தள்ளும் ரப்பர் இம்பெல்லரைத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் அது சீக்கிரமே தேய்ந்துவிடும். ஆகவே, கரையில் வைத்துச் சும்மா ஒருமுறை கிளப்பிப் பார்க்கிற ஆசை வேண்டாம்.

5. வந்தபிறகு

உப்புத் தண்ணீரில் ஓட்டினால் நல்ல தண்ணீரில் கழுவுவது கட்டாயம். அகலத் தட்டு மூழ்கும் அளவுக்கு ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, நியூட்ரலில் குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். பிறகு நிமிர்த்தி வைத்து வடிய விடுங்கள்.

கியர் ஆயிலையும் அவ்வப்போது பாருங்கள். பால் கலந்த காப்பி போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொள்ளும் தூண்டில் நரம்பு பெரும்பாலும் அந்த சீலைத்தான் அறுக்கும். புது ஆயிலைக் கியர் பெட்டியின் கீழ்த் துளை வழியாகப் பம்ப் செய்து, மேல் துளையில் வழியும்வரை ஏற்றுங்கள். மேல் திருகை முதலில் மூடிவிட்டு, பிறகு கீழ்த் துளையிலிருந்து பம்பை எடுத்து அதன் திருகையும் மூடுங்கள். இதற்கு, திருகின் வெட்டில் முழுதாக உட்காரும் அகலமான ஸ்க்ரூடிரைவர்தான் வேண்டும். சின்னதை வைத்துத் திருகினால் வெட்டு வழுக்கிப் போய், அப்புறம் திருகை எடுப்பதே பெரும்பாடு.

பின்சேர்க்கை

காற்றுத் திருகு திறந்தும் மோட்டார் நிற்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நிற்கும் நேரத்தில் பல்பைத் தொட்டுப் பாருங்கள். சப்பையாக ஒட்டியிருந்தால் அடைப்பு டேங்குக்கும் பல்புக்கும் நடுவே. கெட்டியாக இருந்தால் அடைப்பு பல்பைத் தாண்டி, மோட்டார் பக்கம். எத்தனை அமுக்கினாலும் கெட்டியாகாவிட்டால் எங்கேயோ காற்று புகுகிறது, குழாய் முனையில் உள்ள ரப்பர் வளையத்தை முதலில் பாருங்கள்.

இன்னொருவருக்கு நேர்மாறான சிக்கல்: திருகை மூடி, குழாயைக் கழற்றாமல் வெயிலில் வைத்திருக்கிறார். சூட்டில் டேங்க் உப்பி, பெட்ரோல் மோட்டாருக்குள் தள்ளப்பட்டு வழிந்திருக்கிறது. வேலை முடிந்தால் குழாயைக் கழற்றி, டேங்கை நிழலில் வையுங்கள். வண்டியில் எடுத்துப் போகும்போது மட்டும் திருகை மூடினால் போதும்.