அடம் பிடிக்கற ரப்பர உக்கார வைக்கறது எப்படி

பழைய கார்ல ரப்பர் பார்ட் எதுவும் ஒரே அமுக்குல உள்ள போகாது, ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்புனா கிழிஞ்சுதான் போகும். மொதல்ல சுடுதண்ணில கொஞ்ச நேரம் ஊறப்போடுங்க, இளகிடும். அப்புறம் சோப்புத் தண்ணியோ சிலிகான் கிரீஸோ தடவுங்க, இன்ஜின் ஆயில் வேணவே வேணாம், ரப்பர் உப்பிப் போயிரும் (பிரேக் ரப்பருக்கு சோப்பும் கூடாது, அந்த வண்டிக்கான புது பிரேக் ஃப்ளூயிட்தான்).

விண்ட்ஷீல்டு பீடிங்னா (முன் கண்ணாடிய சுத்தி வர்ற ரப்பர் பட்டை) கதையே வேற. பீடிங்க மொதல்ல கண்ணாடில சுத்தி மாட்டிட்டு, அதுல பாடித் தகரம் உக்கார்ற பள்ளத்துக்குள்ள வழுவழுன்னு ஒரு நைலான் கயிற சுத்திவர விட்டு, ரெண்டு முனையும் கீழ நடுவுல ஒண்ணுமேல ஒண்ணு வர்ற மாதிரி உள்பக்கமா தொங்க விடுங்க, வெளிய ஒருத்தர் உள்ளங்கையால கண்ணாடிய அமுக்கிட்டே இருக்க நீங்க உள்ள இருந்து கயிற மெதுவா இழுத்தா ரப்பரோட உதடு தானா தகரத்து மேல ஏறிக்கும். மூலைல அவசரப்பட்டீங்க, கண்ணாடி போச்சு.