டீகோடர், புளூரே, போன்: ரிசீவரில் எல்லாச் சத்தத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

எல்லாக் கருவிகளின் ஒலியையும் வாங்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டிதான் ரிசீவர். டிஎஸ்டிவி சாட்டிலைட் டீகோடரில் தமிழ்ச் சேனல் ஓடும்போது அதன் வால்யூம் 45 போதும். புளூரேவுக்கு மாற்றினால் பேச்சே காதில் விழாது, 55-க்கு ஏற்றுவோம். படம் முடிந்து டீகோடருக்குத் திரும்பியதும் முதல் விளம்பரமே வீட்டை உலுக்கும். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் நடுச்சுவரைப் பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் இருப்பவர்களுக்கு இதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

ரிசீவர் பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். ஒவ்வொரு கருவியிலும் வரும் நிகழ்ச்சியைப் பதிந்த மட்டம் வேறு. சினிமாவில் வெடிச்சத்தத்துக்காக மேலே நிறைய இடம் விட்டு, பேச்சைத் தாழ்வாகப் பதிவார்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் படங்களில் பேச்சின் சராசரி -27 எல்கேஎஃப்எஸ் (சராசரிச் சத்தத்தின் அலகு; 0-க்கு எவ்வளவு கீழேயோ அவ்வளவு தாழ்வு) அளவில் இருக்கவேண்டும் என்று கேட்கிறது. ஐரோப்பிய ஒளிபரப்பாளர்களின் ஆர்128 பரிந்துரை -23. யூடியூப் அதிகச் சத்தமான பாட்டை -14 வரைதான் இறக்கும். அதாவது, யூடியூப் பாட்டுக்கும் நெட்ஃபிளிக்ஸ் வசனத்துக்கும் நடுவே 13 டெசிபெல் இருக்கலாம். 10 டெசிபெல் கூடினாலே காதுக்குச் சத்தம் இரட்டிப்பானதுபோல் தோன்றும்.

இதைச் சரிசெய்ய, ஒவ்வொரு கருவியின் சத்தத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி ரிசீவரிலேயே உண்டு. பெயர்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெனான், மராண்ட்ஸ் கருவிகளில் 'சோர்ஸ் லெவல்'. யமஹாவில் 'வால்யூம் டிரிம்' அல்லது 'இன்புட் டிரிம்'. ஆன்கியோவில் 'இன்டெலிவால்யூம்'. டெனானிலும் ஆன்கியோவிலும் 12 டெசிபெல் ஏற்றவோ இறக்கவோ முடியும். யமஹாவில் 6 டெசிபெல்தான். 'ஸ்பீக்கர் லெவல்' என்று இன்னொன்று கண்ணில் படும். அது இடது, வலது, நடு ஸ்பீக்கர்களுக்கு இடையேயான சமநிலை. மைக் வைத்து ஆட்டோ செட்டப் செய்திருந்தால் அதைத் தொடவே கூடாது.

முதலில் கருவிகளை ஒழுங்குபடுத்துங்கள்

டீகோடர், லேப்டாப், போன் என்று தனக்கென வால்யூம் உள்ள எல்லாவற்றையும் முழு அளவில் வையுங்கள். இனிமேல் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ரிசீவர் ரிமோட்டில் மட்டும். டீகோடர் ரிமோட் டிவியின் சத்தத்தை மாற்றுகிறதா, டீகோடரின் சத்தத்தையா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டில் யாராவது தெரியாமல் அதை அழுத்தினால் நீங்கள் அளந்ததெல்லாம் வீண். டிவியின் ஆப்களை ஏஆர்சி (டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ இணைப்பு) கேபிள் வழியாகக் கேட்பவர்கள், டிவியின் ஆடியோ அவுட்புட்டில் 'ஃபிக்ஸ்ட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

டீகோடரின் ஆடியோ மெனுவில் பிசிஎம் (சுருக்காத ஒலி), டால்பி டிஜிட்டல் (சுருக்கிய ஒலி) என்று இருந்தால், ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். டால்பி டிஜிட்டல் ஒலியோடு, பேச்சின் சராசரி மட்டத்தைச் சொல்லும் 'டயல்நார்ம்' என்ற எண்ணும் வரும். அது -31 என்றால் ரிசீவர் சத்தத்தை அப்படியே விடும். -27 என்றால் 4 டெசிபெல் குறைத்துவிடும். பிசிஎம்-இல் அந்த எண் இல்லை, அதனால் குறைப்பும் இல்லை. ஒரு சேனல் டால்பியிலும் அடுத்தது பிசிஎம்-இலும் வந்தால், ஒரே டீகோடருக்குள்ளேயே சத்தம் குதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, ரிசீவரில் நைட் மோட், டைனமிக் வால்யூம், டைனமிக் ஈக்யூ எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அவை தாமாகவே சத்தத்தை ஏற்றி இறக்கும். அப்போது எதை அளக்கிறோம் என்றே தெரியாது.

எதை வைத்து அளப்பது?

இந்த இடத்தில்தான் புதியவர்கள் தவறான வழியில் போகிறார்கள். 'பிங்க் நாய்ஸ்' என்ற சீரான இரைச்சல் ஒலியை எல்லாக் கருவியிலும் ஓட்டி அளக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. எச்டிஎம்ஐ வழியாக வரும் இரண்டு கருவிகளில் ஒரே ஃபைலை ஓட்டினால் மீட்டர் அநேகமாக ஒரே எண்ணைத்தான் காட்டும். டிஜிட்டல் ஒலி கருவிக்குக் கருவி மாறுவதில்லை. மாறுவது நிகழ்ச்சியைப் பதிந்த மட்டம். அதனால் மீட்டர் சரி என்று சொன்னபிறகும் காதுக்குச் சரியாக இருக்காது. என் கணக்கில் பேச்சுதான் சரியான அளவுகோல். டீகோடரில் செய்தி வாசிப்பவர், புளூரேவில் இரண்டு பேர் அமைதியாக உட்கார்ந்து பேசும் காட்சி, யூடியூபில் நேர்காணல். எதற்கும் பின்னணி இசை இருக்கக்கூடாது.

போனில் ஒரு டெசிபெல் மீட்டர் ஆப் போதும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் தரும் இலவச ஆப் இருக்கிறது. போன் மைக் காட்டும் எண் முழுக்கச் சரியாக இருக்காது என்றாலும் பரவாயில்லை. நமக்கு வேண்டியது கருவிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் மட்டும். மீட்டரின் வேகத்தை 'ஸ்லோ'வில் வைத்து, வழக்கமாக உட்காரும் இடத்தில், காது உயரத்தில் போனைப் பிடியுங்கள்.

டர்பன் வெயிலில் கஷ்டம்தான், ஆனாலும் அளக்கும் அந்தக் கொஞ்ச நேரம் ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள். லோட்ஷெடிங் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் லவுஞ்சிலேயே இருந்தால் அதன் இரைச்சலும் கணக்கில் சேரும்.

அளந்து, குறித்து, இறக்குங்கள்

வால்யூமை ஓர் எண்ணில் வைத்துவிட்டு அதைத் தொடாதீர்கள். ஒவ்வொரு கருவியிலும் அரை நிமிடம் பேச்சைக் கேட்டு, முள் அதிக நேரம் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். உதாரணத்துக்கு, புளூரே 60, டீகோடர் 67, டிவி யூடியூப் 69 என்று வருகிறது என்போம்.

குறைந்ததை ஏற்றாதீர்கள், கூடியதை இறக்குங்கள். புளூரேவை ஏற்றினால் படத்தில் பெரிய சத்தம் வரும் இடத்தில் கரகரக்க வாய்ப்புண்டு. அதனால் புளூரே 0-விலேயே இருக்கட்டும். டீகோடருக்கு -7, டிவிக்கு -9. டெனானில் அந்தந்தக் கருவிக்கு மாற்றிக்கொண்டு, செட்டப் மெனுவின் 'இன்புட்ஸ்' பகுதியில் சோர்ஸ் லெவலைத் திறந்து எண்ணைப் போடுங்கள். யமஹாவில் ரிமோட்டின் 'ஆப்ஷன்' பட்டனை அழுத்தினாலே கிடைக்கும். அங்கே -6-க்குக் கீழே போகாது என்பதால், இந்த உதாரணத்தில் புளூரேவை +3 ஏற்றி, டீகோடரை -4, டிவியை -6 என்று வைப்பதைத் தவிர வழியில்லை.

மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள். 1 டெசிபெல் வித்தியாசத்துக்காக மெனக்கெட வேண்டாம். 3 இருந்தால் இன்னொருமுறை திருத்துங்கள்.

லோட்டஸ் எஃப்எம் வானொலி கேட்க ரிசீவரின் டியூனரைப் பயன்படுத்துபவர்கள் அதற்கும் தனியாக எண் போடலாம்.

அனலாக் கேபிள் வழியாக வருபவை

இங்கே மட்டும் கருவிக்குக் கருவி மட்டம் உண்மையாகவே மாறும். சிடி பிளேயர் வழக்கமாக 2 வோல்ட் தரும். போனின் ஹெட்ஃபோன் துளை பலவற்றில் அரை வோல்ட்தான். நான்கில் ஒரு பங்கு என்றால் 12 டெசிபெல் குறைவு. புரட்டாசிச் சனிக்கிழமை பூஜைக்குப் போனிலிருந்து பக்திப்பாடல் போட்டால் சத்தம் எழும்பவில்லை என்பவர்கள், முதலில் போன் வால்யூம் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் போதாவிட்டால் இந்த ஒரு இடத்தில் சோர்ஸ் லெவலை ஏற்றலாம். அல்லது புளூடூத்துக்கு மாறிவிடுங்கள்.

ரெக்கார்டு பிளேயர் கதை வேறு. அதன் ஊசி தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. 'ஃபோனோ' என்று எழுதிய துளையில் செருகவேண்டும், அல்லது நடுவில் அந்தச் சிறிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப் வேண்டும். டிரிம் போட்டு அதை ஈடுகட்ட முடியாது.

இதனால் தீராதது

ஒரே சேனலில் நாடகத்துக்கும் விளம்பரத்துக்கும் நடுவே குதிக்கும் சத்தத்தை இது தொடாது. டிரிம் அந்தக் கருவியிலிருந்து வரும் முழுச் சத்தத்தையும் ஒரே அளவில்தான் இறக்கும். அதற்கு டெனானில் டைனமிக் வால்யூமை 'லைட்'டில் வைக்கலாம். டீகோடருக்கு மட்டும் போடுங்கள், புளூரேவுக்கு வேண்டாம். படத்தின் ஏற்ற இறக்கமே போய்விடும்.

சத்தம் குறையும்போது பாஸைத் தூக்கும் டைனமிக் ஈக்யூவைத் திரும்பப் போடும்போது 'ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்' என்ற எண்ணையும் பாருங்கள். படத்துக்கு 0, டிவி நிகழ்ச்சிக்கு 10, பாப் பாட்டுக்கு 15 என்பது வழக்கமான பரிந்துரை. டிவியில் பாஸ் மட்டும் தூக்கலாகக் கேட்டால் அநேகமாக இதுதான் காரணம்.

போட்ட எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி ரிசீவரின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். மேல்பக்கம் வேண்டாம், அங்கேதான் சூடு வெளியேறும் துளைகள் இருக்கின்றன.