சேலத்துப் பொருளை எந்த இணையச் சந்தையில் விற்பது? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஏற்காட்டில் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் சித்தி, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இணையச் சந்தையில் காப்பித் தூள் விற்கத் தொடங்கினார். மூன்று மாதங்களில் அறுபது பொட்டலங்கள் விற்றன. கணக்கை முடித்துப் பார்த்தபோது, அதே தூளைச் சேலத்தில் ஒரு மளிகைக் கடைக்கு மொத்தமாகப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகையைவிடக் குறைவாகவே கையில் நின்றது. தளத்தின் மீது குற்றம் இல்லை. கட்டணங்கள் எல்லாம் முதல் நாளே அதில் எழுதப்பட்டிருந்தன. நாங்கள்தான் சந்தையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு கணக்குப் போட்டோம். அந்த வரிசையைத் திருப்பிப் போடுவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: பொருளை எடை போடுங்கள், அளந்தும் பாருங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் தராசையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். விற்கப்போகும் பொருளை, அனுப்பப்போகும் அட்டைப்பெட்டியிலேயே வைத்துக் கட்டி, எடையையும் மூன்று பக்க அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கூரியர் நிறுவனங்கள் பல, பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து ஒரு ‘கொள்ளளவு எடை’யைக் கணக்கிடுகின்றன, அதுவும் தராசு காட்டும் எடையும் ஒப்பிடப்பட்டு, எது அதிகமோ அதற்கே கட்டணம் விதிக்கப்படுகிறது. தம்மம்பட்டி மரச்சிற்பம் ஒன்று இரண்டு கிலோதான் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அது உடையாமல் இருக்க 40, 30, 25 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால், கட்டணம் ஆறு கிலோவுக்கு வரும். வெள்ளிக் கொலுசுக்கு இந்தத் தொல்லை இல்லை. உள்ளங்கை அளவுப் பெட்டியில் சில ஆயிரம் ரூபாய் அடங்கிவிடும். விலை மிகுந்து எடை குறைந்த பொருள் எங்கும் போகும். எடை மிகுந்து விலை குறைந்த பொருள் பக்கத்து ஊர்களில்தான் லாபம் தரும்.

இரண்டாம் படி: சந்தைகளின் வகையைப் பிரித்தறியுங்கள்

செவ்வாய்ப்பேட்டையில் மொத்த வணிகம் நடக்கும் கடையில் போய் யாரும் ஒரு கிலோ மிளகு கேட்பதில்லை. இணையத்திலும் அதே பாகுபாடு உண்டு.

அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ போன்றவை பொதுச் சந்தைகள். வாங்குபவரைக் கொண்டுவருவது, பணம் வசூலிப்பது, பார்சலை எடுத்துச் செல்வது எல்லாவற்றையும் அவையே ஏற்பாடு செய்து, அதற்கான கட்டணத்தை உங்கள் பணத்திலிருந்து கழித்துக்கொள்கின்றன. மீஷோ 2021-இல் விற்பனையாளரிடம் கமிஷன் வாங்குவதில்லை என்று அறிவித்தது. ஆனால் அங்கே வருபவர்கள் பெரும்பாலும் குறைந்த விலையைத் தேடி வருபவர்கள் என்பதால், இளம்பிள்ளையில் விசைத்தறியில் நெய்த அன்றாடச் சேலைக்கு அது பொருந்தும் அளவுக்குக் கைத்தறி வெண்பட்டுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. இந்தியாமார்ட் வேறு வகை. அங்கே வருவது விசாரணை மட்டுமே. விலை பேசுவதும் சரக்கு அனுப்புவதும் உங்கள் பொறுப்பு. மூட்டைக் கணக்கில் ஜவ்வரிசி விற்பவருக்கு அது ஏற்றது. வீட்டில் கிடக்கும் பழைய சைக்கிளை விற்க ஓஎல்எக்ஸ் போதும். அரசு அலுவலகங்களுக்குப் பொருள் விற்க 2016-இல் தொடங்கப்பட்ட ஜெம் தளம் இருக்கிறது.

ஓஎன்டிசி என்பதைப் பலர் ஒரு செயலி என்று நினைக்கிறார்கள். அது செயலி அல்ல. பல செயலிகளை இணைக்கும் வலையமைப்பு. நீங்கள் ஒரு விற்பனையாளர் செயலியில் பொருளைப் பதிந்தால், வேறொரு நிறுவனத்தின் செயலியைப் பயன்படுத்துபவரும் அதை வாங்க முடியும்.

மூன்றாம் படி: கையில் நிற்கும் தொகையைக் கணக்கிடுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். கீழே உள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்காக நானே வைத்தவை. உங்கள் தளத்தின் கட்டண அட்டவணையைப் பார்த்து அவற்றை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஒருவர் ஒரு சேலையை 900 ரூபாய்க்கு விற்கிறார். அடக்கவிலை 560, உறைக்கும் அட்டைக்கும் 15. தளம் 12 சதவீதம் கமிஷனாக 108 ரூபாயும், ஒவ்வொரு விற்பனைக்கும் நிலையான கட்டணமாக 30 ரூபாயும், அனுப்புவதற்கு 80 ரூபாயும் எடுக்கிறது. மொத்தம் 218. இந்தக் கட்டணங்களின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். அது ஏறக்குறைய 39 ரூபாய். ஆக 257 ரூபாய் கழிந்து, 643 ரூபாய் வருகிறது. அடக்கமும் உறையும் போக நிற்பது 68 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு உள்ளவருக்கு அந்த 39 ரூபாய் உள்ளீட்டு வரி வரவாக (தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக) திரும்பும் என்றாலும், விற்பனை விலைக்குள் அடங்கிய வரியை அவர் கட்டியாக வேண்டும்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. பத்துச் சேலைகள் அனுப்பி, இரண்டு திரும்பி வந்தால், போக வர ஒவ்வொன்றுக்கும் 150 ரூபாய் செலவு என்று வைத்தால், எட்டுச் சேலையில் கிடைத்த 544 ரூபாயிலிருந்து 300 ரூபாய் போய்விடும். மீதி 244 ரூபாய், அதாவது விற்ற சேலை ஒன்றுக்கு முப்பது ரூபாய். துணியில் நிறம் வேறுபட்டது, அளவு சரியில்லை என்று ரிட்டர்ன் மிகுதியாக வரும்; பொருளைக் கையில் கண்ட பிறகு பணம் தரும் முறையில் கதவைத் திறக்காமலேயே திருப்பி அனுப்புபவர்களும் உண்டு. ஆகவே ‘கமிஷன் எவ்வளவு’ என்று கேட்பதோடு நிற்காமல், ‘திரும்பி வந்தால் யார் செலவு’ என்ற கேள்விக்கும் ஒவ்வொரு தளத்தின் விதியிலும் விடை தேடுங்கள்.

நான்காம் படி: சட்டப்படி தேவையானவை

ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு விற்பனையாளர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் ஒரு வழி திறந்திருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் ஜிஎஸ்டி வரம்புக்குள் (தமிழ்நாட்டில் சரக்குக்கு 40 லட்சம் ரூபாய்) இருந்தால், பான் எண்ணைக் கொண்டு ஜிஎஸ்டி இணையதளத்தில் சேர்க்கை எண் பெற்று, தங்கள் மாநிலத்துக்குள் மட்டும் இணையச் சந்தையில் விற்கலாம். சேலத்திலிருந்து கோவைக்கு அனுப்பலாம். பெங்களூருக்கு அனுப்ப வேண்டுமானால் முழுப் பதிவு வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் தளம் சேர்க்கை எண் மட்டும் உள்ளவர்களை ஏற்கிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பித் தூள், மிளகு, ஜவ்வரிசி போன்ற உணவுப் பொருள்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு கட்டாயம். பொட்டலத்தின் மீது தயாரித்தவர் அல்லது பொதி செய்தவர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகார் தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பின்கோடு சோதனை

மலையில் இருப்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்து பார்சலை எடுத்துச் செல்ல எல்லா நிறுவனங்களும் தயாராக இருப்பதில்லை. 636601 என்று ஏற்காட்டுப் பின்கோட்டைப் பதிந்து, வீட்டுக்கு வந்து எடுப்பார்களா, அல்லது கீழே சேலத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமா என்பதைப் பதிவு செய்யும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். கீழே இறங்க வேண்டியிருந்தால் பேருந்துக் கட்டணத்தையும் ஒரு பொழுதையும் அடக்கத்தில் சேருங்கள்.

மல்கோவா மாம்பழம் போல் விரைவில் கனியும் பொருளை நான் பொதுச் சந்தையில் போட மாட்டேன். பழகிய வாடிக்கையாளர்களிடம் வாட்ஸாப்பில் ஆர்டர் வாங்கிப் பார்சல் வண்டியில் ஏற்றிவிடுவதே மேல்.

ஆறாம் படி: வாங்குபவராகவும் அதே தளத்தைச் சோதியுங்கள்

விற்கும் முன் அந்தத் தளத்தில் ஒரு பொருளை நீங்களே வாங்கி, வேண்டுமென்றே திருப்பி அனுப்பாமல், புகார் வசதி எப்படி இருக்கிறது, எத்தனை நாளில் பதில் வருகிறது என்பதை மட்டும் பாருங்கள். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020-இன்படி, தளம் ஒவ்வொன்றும் குறைதீர்க்கும் அலுவலரை நியமித்து, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அவ்வாறு நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

பழைய பொருள்களை விற்கும் இடங்களில், ‘பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து யுபிஐ பின் எண்ணைப் போடுங்கள்’ என்று யாராவது சொன்னால் உரையாடலை அங்கேயே முடித்துவிடுங்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

ஏழாம் படி: இரண்டு தளம், அறுபது நாள்

மேற்கண்ட கணக்கில் தேறிய இரண்டு தளங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து பொருள்களைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களோடு ஏற்றுங்கள். நோட்டில் நான்கு பத்திகள் போதும்: விற்ற எண்ணிக்கை, திரும்பிய எண்ணிக்கை, வங்கிக்குப் பணம் வந்த நாள், கையில் நின்ற தொகை. அறுபது நாள் கழித்துக் கடைசிப் பத்தி எந்தத் தளத்தில் கூடுதலாக இருக்கிறதோ, அங்கே மீதிப் பொருள்களை ஏற்றுங்கள்.

சித்தி இவ்வாறு எழுதிப் பார்த்த பிறகு, கால் கிலோ காப்பித் தூள் பொட்டலத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார். தூளைச் சேலத்திலும் ஈரோட்டிலும் உள்ள நாற்பது வீடுகளுக்கு மாதந்தோறும் ஒரு கிலோப் பொட்டலமாக நேரே அனுப்புகிறார். தளத்தில் இப்போது இருப்பது மிளகு மட்டும்.