இன்சார்ஜ் சிஸ்டர் இன்டர்வியூவுக்குத் தயாராவது எப்படி?

ஸ்டாஃப் நர்ஸாகச் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வார்டு இன்சார்ஜ் பதவிக்குப் போகிறவர்கள் பலர், காலேஜ் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கேனுலா (மருந்து ஏற்ற நரம்பில் போடும் சிறு குழாய்) போடத் தெரியுமா என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. நீங்கள் லீவில் இருந்தாலும் வார்டு ஒழுங்காக ஓடுமா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

1. ஃபைலை முதலில் முடியுங்கள். நர்சிங் கவுன்சில் பதிவு, அனுபவச் சான்று, பி.எல்.எஸ். (அவசர உயிர்காப்பு முதலுதவிப் பயிற்சி) சான்றிதழ். தேதி தாண்டியிருந்தால் இப்போதே புதுப்பியுங்கள்.

2. உங்கள் வார்டில் நடந்த மூன்று சம்பவங்களை எழுதுங்கள். மருந்து மாறவிருந்ததைப் பிடித்தது, கோபத்தில் கத்திய நோயாளியின் மகனைச் சமாளித்தது, புதிதாக வந்த பெண்ணுக்கு வேலை பழக்கியது. ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதற்குப் பிறகு வார்டில் எது மாறியது என்று நாலு வரி போதும். கடைசியாகச் சொன்ன, எது மாறியது என்பதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நோயாளி பெயர் வாயில் வரவே கூடாது.

3. ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியல், போட்டுப் பழகுங்கள். என்னைக் கேட்டால் பாதி இன்டர்வியூ இதில்தான் இருக்கிறது. மதுரையில் இப்படி ஒரு கேள்வி வரலாம்: “அழகர் ஆற்றில் இறங்கும் அன்று பாதிப் பேர் லீவு கேட்கிறார்கள். என்ன செய்வீர்கள்?” “யாருக்கும் லீவு கிடையாது” என்பது பதிலே இல்லை, சொன்னால் காலையில் நாலு பேருக்குக் காய்ச்சல் வந்துவிடும். பழைய ரோஸ்டரைப் புரட்டி, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் யார் டூட்டி பார்த்தார்களோ அவர்களுக்கு முதலில் லீவு கொடுப்பேன் என்று சொல்லுங்கள். வென்டிலேட்டர் நோயாளிக்குத் தனி நர்ஸ் என்பதில் கை வைக்க மாட்டேன், புதியவர்களை மட்டும் ஒரே ஷிஃப்டில் போட மாட்டேன் என்பதையும் சேருங்கள். அப்புறம் வைகை. முந்தின நாள் ராத்திரியிலிருந்தே வைகைப் பாலத்தை ஒட்டிய கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. அதனால் ஆஸ்பத்திரி இருக்கிற கரையிலேயே குடியிருப்பவர்களுக்குக் காலை ஷிஃப்ட் என்று சொன்னால், கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

4. நடைமுறைகளை இன்சார்ஜ் கண்ணால் பாருங்கள். ஜூனியருக்கு நோயாளியிடம் பயன்படுத்திய ஊசி குத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். இன்சார்ஜ் செய்ய வேண்டியது அதற்கு மேல்: அவரை உடனே வேலையிலிருந்து விடுவித்து டாக்டரிடம் அனுப்புவது, அந்த நோயாளியின் ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது, சம்பவப் படிவம் எழுதுவது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. திட்டினால் அடுத்த தடவை மறைத்துவிடுவார்கள், அதனால் திட்ட மாட்டேன் என்றும் சொல்லுங்கள். கிராஷ் கார்ட் (அவசர மருந்துகளும் கருவிகளும் உள்ள தள்ளுவண்டி) சரிபார்ப்பு, கழிவுத் தொட்டிகளின் நிறங்கள், ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கிற ஹேண்ட்ஓவர் இவற்றையும் இதே மாதிரி ஒரு புரட்டு புரட்டுங்கள்.

5. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இங்கிலீஷ் தடுமாறினால் தமிழில் சொல்லலாமா என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள். திணறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

6. கடைசியில் “ஏதாவது கேட்கணுமா?” என்பார்கள். வார்டில் எத்தனை படுக்கை, ஷிஃப்டுக்கு எத்தனை சிஸ்டர், இன்சார்ஜுக்கும் நைட் டூட்டி உண்டா என்று கேளுங்கள். சம்பளத்தை அதற்குப் பிறகு பேசலாம்.