பாட்டு வரிக்குள் உங்கள் கதையைக் கண்டுபிடிக்க

ஒரு பாட்டு ஏன் நம்மை இப்படி உலுக்குகிறது என்று தெரிய வேண்டுமா? காட்சியைப் பார்க்காமல், வரிகளை மட்டும் ஒரு தாளில் கையால் எழுதுங்கள். பேசுவது யார், யாரிடம் என்று குறியுங்கள். அந்த 'நீ' காதலியா, கடவுளா, தன் மனசேதானா? பாதிக் குழப்பம் இங்கேயே தீரும்.

அப்புறம் படத்தின் கதையையும் உங்கள் கதையையும் தனித்தனியாக வையுங்கள். 1962இல் வந்த 'சுமைதாங்கி' படத்தின் 'மயக்கமா கலக்கமா' பாட்டைக் கண்ணதாசன் ஒரு கதாபாத்திரத்தின் துயரத்துக்காக எழுதினார். பாட்டெழுத வாய்ப்புக் கிடைக்காமல் சென்னையை விட்டுக் கிளம்ப இருந்த கவிஞர் வாலி, அதைக் கேட்டு மனம் மாறித் தங்கிவிட்டார். இதை அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு பொருளுமே உண்மைதான்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் தோட்டம் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டமாக மாறியபோது லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்த பெரியவர்கள் நிறைய. சொந்த ஊரை ஏங்கும் பாட்டு என்றால் அவர்களுக்குத் தமிழ்நாடு நினைவுக்கு வராது, இடித்துப்போட்ட அந்த லயம்தான் வரும். பாட்டியிடம் "இந்த வரிக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்காதீர்கள், சிரித்துவிட்டுப் போய்விடுவார். "இதை முதல்ல எங்க கேட்டீங்க, பக்கத்துல யார் இருந்தாங்க?" என்று கேளுங்கள். கோயில் திருவிழா ஒலிபெருக்கி, ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போன விடியற்காலை, வானொலி வைத்திருந்த பக்கத்து வீடு என்று வரிசையாக வரும். அதையும் அந்தந்த வரிக்கு எதிரே எழுதுங்கள். அவர் சம்மதித்தால் கைப்பேசியில் குரலையும் பதிந்து வையுங்கள்.